சித்தப்பாவின் ராகு காலம்

நான் குடியிருக்கும் புர்னோ நகரத்தில் கடவுள் இல்லை என்று சொல்வதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இருக்கிறார் என்று சொல்ல யாராவது இருந்தால்தானே இல்லை என்று மறுத்துப் பேச முடியும்? செக் நாட்டுக்காரர்கள் அந்த விவகாரத்தை எப்போதோ முடித்துவிட்டு பீர் குடிக்கப் போய்விட்டார்கள். எங்கள் தெருமுனைத் தேவாலயத்தில் இப்போது வெள்ளிக்கிழமைகளில் வயலின் கச்சேரி நடக்கிறது. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பக்கத்து மேசை யானா பரம்பரை நாத்திகர். ஏதாவது நல்ல செய்தி சொன்னால் மட்டும் உடனே மேசையின் அடிப்பக்கத்தை விரலால் தட்டுவாள். எதற்கு என்று கேட்டேன். "தட்டாவிட்டால் கெட்டுப்போகும்" என்றாள், மழை பெய்தால் நனைவோம் என்று சொல்கிற குரலில்.

இந்த ஊரில் வாடகைக்கு இருப்பதற்காகவே எனக்கு ஒரு பதவி தேடி வந்தது. கிணத்துக்கடவிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "கண்ணு, எழிலு கல்யாணத்துக்கு நீதான் தலைமை. பத்திரிகைல அச்சடிச்சுப்போட்டேன். வந்து சேரு."

எழிலரசி அவருடைய ஒரே மகள். ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், தலைமை தாங்குகிறவர் பேசி முடித்ததும் மாலை மாற்றித் தாலி கட்டுகிற கல்யாணம். பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'கடவுளை வென்ற செக் நாட்டிலிருந்து' என்று போட்டிருந்தார். அந்த நாடு கடவுளை வெல்லவில்லை, மறந்துவிட்டது என்று திருத்தம் சொன்னேன். அச்சாகிவிட்டது என்றார்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாத்தா தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர். அவருக்கு மூன்று மகன்கள். பெரியப்பா மாரியம்மனிடமே இருந்துவிட்டார். அப்பா ஞானஸ்நானம் பெற்று, எனக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார். கடைசித் தம்பியான சித்தப்பா இரண்டையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஊர்க்கோயிலில் அவரை வெளியே நிறுத்தினார்கள். அண்ணனோடு சர்ச்சுக்குப் போனால் பின்வரிசையைக் காட்டினார்கள். நாத்திகர்கள் கூட்டம் போட்ட இடத்தில்தான் "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி போட்டார்கள். யாராவது சித்தப்பாவின் கொள்கையைத் தத்துவமாக விளக்கத் தொடங்கினால் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும். நானும் சாமி கும்பிடுவதில்லை. ஆனால் குடையை பஸ்சில் மறந்துவிட்டு இறங்குவதுபோலத்தான் நான் விட்டேன், எந்த ஊரில் என்றுகூட நினைவில்லை. சித்தப்பா சண்டை போட்டு விட்டவர்.

விமானத்தில் என் பக்கத்தில் ஒரு செக் தம்பதி. கோயம்புத்தூர்ப் பக்கம் தியானம் கற்றுக்கொள்ள வருகிறார்களாம். எனக்கு அவர்கள் மொழி தெரியும் என்பது தெரியாமல் அந்த அம்மாள் கணவரிடம் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அங்கே போய் நிறையக் கேள்வி கேட்டு மானத்தை வாங்காதே. கண்ணை மூடு என்றால் மூடிக்கொள்." அவர்கள் ஆன்மாவைத் தேடி நான் பிறந்த ஊருக்குப் போனார்கள். நான் அவர்கள் ஊரின் நாத்திகத்தைக் கொண்டுபோய் இறக்கப் போனேன். ஏற்றுமதியும் இறக்குமதியும் சரியாகவே நடந்துகொண்டிருந்தன.

உக்கடம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்ட பிறகே ஊருக்கு வந்த உணர்ச்சி வந்தது. புர்னோவில் டிராம் குறித்த நேரத்துக்கு வரும், ஆனால் ஓட்டுநர் யாருடனும் பேச மாட்டார். இங்கே பஸ் எப்போது கிளம்பும் என்று ஓட்டுநருக்கே தெரியாது, ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் "இதா, இப்பத்தானுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். அவர் தலைக்கு மேல் முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்காவின் படம் மூன்றும் வரிசையாக ஒட்டியிருந்தன. எந்தக் கட்சி ஜெயித்தாலும் அவருக்கு நஷ்டமில்லை.

ஈச்சனாரி வந்ததும் பஸ்சே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிள்ளையார் கோயில் இருக்கும் திசைக்கு எல்லாக் கைகளும் எழுந்து தாழ்ந்தன. எனக்கு முன் இருக்கையில் காதில் ஒயர் மாட்டிய பையன் ஒருவன் மட்டும் அசையவில்லை. நானும் அசையவில்லை, ஆனால் வெளிநாட்டுப் பெட்டி வைத்திருந்ததால் என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் பின்சக்கரம் பெரிய சத்தத்தோடு வெடித்தது.

இறங்கி நின்றோம். கொய்யாக் கூடையோடு வந்த ஓர் அம்மாள் நேராக அந்தப் பையனிடம் போனார்.

"ஏனுங் தம்பி, புள்ளாரைக் கும்பிட்டாக் கை தேஞ்சா போயிரும்?"

"எனக்கு நம்பிக்கை இல்லீங்க்கா."

"நம்பிக்கை இல்லீன்னாத் தனியா பைக்குல போகோணும் சாமி. இத்தன பேரு வார பஸ்சுல வரப்படாது."

நாத்திகம் வளர்வதால் சமூகத்துக்கு என்ன கேடு என்று பெரிய மண்டபங்களில் விவாதிக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நடத்துநர் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "டயரு மொட்டையா இருக்குதுங்கம்மா. புள்ளாரு என்னங்க பண்ணுவாரு?" என்றார். அந்த அம்மாள் கூடையிலிருந்து நல்ல கொய்யாவாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் பையனிடம் நீட்டினார். "வெறும் வவுத்தோட நிக்காத, தின்னு" என்றார். அவன் ஒயரைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டான். மாற்று பஸ் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கிணத்துக்கடவில் ஆனி மாதக் காற்று ஆளைத் தள்ளியது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கிடந்தன. சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டை, வெள்ளை வேட்டி, கம்பம் ஏறி ஏறி அகன்றுபோன பாதங்கள். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றி, நான் போதும் என்று சொல்வதை லட்சியமே செய்யாமல் இன்னொரு கரண்டி ஊற்றினார். குனிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பாம்புப் பஞ்சாங்கம் என் இலைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இது எதுக்குங் சித்தப்பா உங்களுக்கு?"

"ராகு காலம் எப்பன்னு தெரியாம, ராகு காலத்துல எப்படிக் கண்ணு கல்யாணம் வெக்கறது?"

அவர் புதுவீடு புகுந்தது அஷ்டமியில். வெளியூர் கிளம்புவது எமகண்டத்தில். முடி வெட்டுவது வெள்ளிக்கிழமை. பெரியப்பா சாமி கும்பிடுகிறவர், அவர்கூடப் பஞ்சாங்கத்தை இவ்வளவு சிரத்தையாகப் பார்த்ததில்லை. எப்போதாவது கவனப்பிசகாக நல்ல நேரத்தில் எதையாவது செய்துவிடுவோமோ என்று சித்தப்பா பயந்து பயந்தே வாழ்ந்திருக்கிறார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் ஒரு காரணம் இருந்தது, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த காரணம். சித்தியை அவர் கட்டியது ஓர் ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை தாண்டியதும். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறுவரை ராகு காலம் என்பது நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். எழில் நடக்கப் பழகும் முன்பே சித்தி மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காமாலையை யாரும் குறை சொல்லவில்லை. ராகு காலத்தைச் சொன்னார்கள். இழவு வீட்டிலேயே, சித்தப்பாவின் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். எழிலின் பள்ளிக்கூட விழாவில், பக்கத்து வீட்டு விருந்தில், எங்கே போனாலும் அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

"அதே மாசம், அதே கெழம, அதே நேரம். என்ற பொண்ணு நல்லா வாழ்ந்து காட்டோணும் கண்ணு. அப்பத்தான் உன்ற சித்தி சாவுமேல கெடக்கற பேச்சு அழியும்" என்றார்.

எழிலிடம் தனியாகக் கேட்டேன். அவள் பிசியோதெரபி படித்தவள், ஊரார் முழங்கால்களை வளைத்து வளைத்துப் பொறுமை கற்றவள். "அப்பாவுக்கு அந்த நேரம் வேணும். வரப்போற மாமியாருக்கு அந்த நேரம் ஆகாது. எனக்குக் கதிர் வேணும். எனக்கு மட்டும்தான் கேட்டது கெடைக்குமாட்ட இருக்குதுங்க்கா" என்றாள்.

கதிர் கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கும் மாப்பிள்ளை. அவனும் நாத்திகன்தான், ஆனால் சித்தப்பாவைப்போல எங்கேயும் வெளியே நின்றவன் இல்லை. செல்போனில் வீடியோ பார்த்தே சாமியை விட்டுவிட்டான். இவன் கிடைப்பதற்கு முன் சித்தப்பா தன் பழைய தோழர் ஒருவரின் மகனுக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒரே மேடையில் ஏறி, ஒரே மைக்கில் சாமியைத் திட்டியவர்கள். தோழர் டீ வாங்கிக் கொடுத்து, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்று சாதியைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். கடவுளை ஒழிப்பது அவருக்கு எளிதாக இருந்தது, கடவுள் பதிலுக்கு எதுவும் பேச மாட்டார் என்பதால். சித்தப்பா அந்த டீயைக் குடித்தாரா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மண்டபம் பார்க்கப் போனோம். மேனேஜர் முருகேசன் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். "முந்தியெல்லாம் ராகு காலத்துல மண்டபம் சும்மா கெடக்குமுங்க. கூட்டிப் பெருக்கறதே அப்பத்தான்" என்றார். "இப்ப கம்பெனில வேல பாக்கற பசங்க பூராம் ராகு காலந்தான் வேணும்ங்கறாங்க. ஞாயித்துக்கெழம நாலரைக்கு அடுத்த வருசத்துக்கே புக்கிங் ஆயிப்போச்சுங்க. நல்ல நேரம் வேணும்னாச் சொல்லுங்க, காலியா இருக்குது."

சித்தப்பாவின் முகத்தில் ஓர் இயக்கம் வெற்றிபெற்ற பெருமிதம் தெரிந்தது. கூடவே தான் மட்டும் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஊரே வந்து உட்கார்ந்துவிட்ட சின்ன வருத்தமும் தெரிந்தது.

அதற்கடுத்த நாள் என்னை அந்தியூருக்கு அனுப்பினார். கதிரின் அம்மாவுக்குப் பட்டுப்புடவை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அது தலைமை தாங்குபவரின் வேலைகளில் ஒன்று என்று சொல்லிவிட்டார். பஸ் மாறி, பஸ் மாறி, பவானியில் ஒரு முறை தவறான பஸ்சில் ஏறி இறங்கி, மதியம் போய்ச் சேர்ந்தேன். அந்தியூரில் ஆடி மாதம் குதிரைச் சந்தை கூடும். நான் போனது ஆனி. மைதானத்தில் ஒரே ஒரு கழுதை நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

கதிரின் அம்மா சரசம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகன், கடையிலேயே அவனைப் படிக்க வைத்தவர். என்னைக் கண்டதும் எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, ஒரு சமாச்சாரம் சொல்றனுங்க. உங்க சித்தப்பாகிட்டச் சொல்லப்படாது."

"சொல்லுங்க."

"நான் எப்படி அந்த நேரத்துக்குச் சரின்னேன்னு நெனச்சிருப்பீங்க. ஜோசியக்காரருகிட்டக் கேட்டுப்போட்டுத்தானுங்க சொன்னேன். காலண்டர்ல போட்டிருக்கறது பொழுது ஆறு மணிக்குக் கெளம்பி ஆறு மணிக்கு உழுகறதா வெச்சுப் போட்டதாமுங்க. நெசமாப் பாத்தா, அன்னன்னைக்குப் பொழுது எவ்வளவு நீளமோ அத எட்டாப் பங்கு போடோணுமாமா. ஆனி மாசம் பொழுது நீளமல்லங்க? ஞாயித்துக்கெழம ராகு காலம் அஞ்சேகாலுக்குத்தான் புடிக்குதாம். நாலரைக்கு இல்லையாம்."

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. எட்டாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கைப் பாம்புக்குக் கொடுப்பது ஏன் என்பதைத் தவிர மற்ற எல்லாம் விஞ்ஞானமாகவே இருந்தது.

"உங்க சித்தி கதை எனக்கும் தெரியுமுங்க" என்றார் சரசம்மா. "இருக்கறது ஒத்தப் புள்ள. நேரத்தோட வெளையாட எனக்குத் தைரியம் இல்லீங்க அம்மணி. அஞ்சுக்குள்ள தாலி ஏறிப்போச்சுன்னாப் போதும். நீங்கதானுங்க தலைமை. பேச்சை மட்டும் சுருக்கிப்போடுங்க." அவர் கண்கள் கலங்கியிருந்தன. சுருக்கிவிடுகிறேன் என்றேன். அந்தச் சந்தகையைத் தின்றுவிட்டு வேறு என்ன சொல்வது?

திரும்பி வரும் வழியெல்லாம் நிம்மதியாக இருந்தேன். சித்தப்பாவுக்கு அவருடைய ராகு காலம், சரசம்மாவுக்கு அவருடைய நல்ல நேரம், இரண்டும் ஒரே கடிகாரத்தில். இப்படி ஒரு ஏற்பாட்டை உலகச் சமாதான மாநாடுகளில்கூடச் செய்ய முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் முருகேசன் அதைக் கெடுத்தார். பந்தி ஏற்பாடு பேசப் போன சித்தப்பாவிடம் தன் புது செல்போனைப் பெருமையாகக் காட்டியிருக்கிறார். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்ச் சூரியனை வைத்து ராகு காலம் சொல்லுமாம். ஞாயிறு, ஐந்தேகால் முதல். சித்தப்பா வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏமாத்திப்போட்டாங்க கண்ணு. மாப்ள அம்மா லேசாச் சரின்னது இதுக்குத்தான், முந்தியே தெரிஞ்சிருக்குது. என்ற பொண்ணை நல்ல நேரத்துல கட்டப் பாத்திருக்காங்க."

பெற்ற மகளுக்கு நல்ல நேரத்தில் கல்யாணம் நடக்கவிருந்த சதியைக் கண்டுபிடித்து ஒரு தகப்பன் இப்படிக் கொதித்ததை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

"எல்லா நேரமும் ஒண்ணுதானுங்களே சித்தப்பா?"

"எனக்கு ஒண்ணுதான். ஊருக்கு ஒண்ணு இல்லியே. நாளைக்கு எழிலு நல்லா இருந்தா, அது நல்ல நேரத்துல கட்டினதால்ன்னு சொல்லிப்போடுவாங்க. உன்ற சித்தி அப்படியே கெட்ட நேரத்துலயே கெடப்பா." அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "அஞ்சேகால் தாண்டற வரைக்கும் நீ பேசு."

"அவ்வளவு நேரமா? என்னத்தைப் பேசறது?"

"செக் நாட்டைப் பத்திப் பேசு."

ஆக, ஒருவருக்குச் சுருக்குவதாகவும் இன்னொருவருக்கு இழுப்பதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டு நான் மேடைக்குப் போக வேண்டியிருந்தது.

ஞாயிறு மதியமே மண்டபத்தின் பின்பக்கம் கோட்டைமேட்டு சலீம் பாய் பிரியாணி அண்டாக்களை ஏற்றிவிட்டார். ஒவ்வொரு மூடியையும் பிஸ்மில்லா சொல்லித்தான் தொட்டார். நாத்திகர் கல்யாணங்களுக்கு அவர்தான் சமைப்பாராம். "நம்ம ஜனங்க கல்யாணத்துல எல்லாமே நேரத்துக்கு முடிஞ்சுருமுங்க" என்றார். "கறுப்புச் சட்ட அய்யாமாரு கல்யாணத்துல நேரங்காலம் கெடையாது, சரி. ஆனாப் பேச்சு எப்ப முடியும்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க. தம் போட்டா அது நிக்காதல்லம்மா? நீங்கதானே பேசறீங்க? எத்தன மணிக்கு முடிப்பீங்க, சொல்லிப்போடுங்க." நான் மூன்றாவது நபருக்கு வாக்குக் கொடுக்கத் துணியவில்லை.

நாலரைக்கு மேடையேறினேன். நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் சித்தப்பா. அவருக்குப் பின்னால் உறவினர் கூட்டம், இழவு வீட்டில் பேசியவர்களும் அதில் இருந்தார்கள், நல்ல புடவை கட்டி. மேடையில் எழிலும் கதிரும். ஓரமாகத் தாலித் தட்டோடு சரசம்மா. எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கடிகாரம். மாட்டியவருக்கு என்மேல் என்ன பகையோ.

செக் நாட்டைப் பற்றிப் பேசினேன். அது சின்ன நாடு, சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பீரைப் பற்றிக் கல்யாண மேடையில் பேச முடியாது. தேவாலயத்தில் வயலின் வாசிப்பதைச் சொன்னேன், கைதட்டினார்கள். யானா மேசையைத் தட்டுவதைச் சொன்னேன், கொள்கைக்காரர்கள் கைதட்டவில்லை. சமையல்கட்டு வாசலில் சலீம் பாய் வந்து நின்று கரண்டியைத் தூக்கிக் காட்டினார். சரசம்மா கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அவர் கையிலிருந்த தட்டில் தாலி உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. ஐந்து மணி ஆகிக்கொண்டிருந்தது. சித்தப்பா முழங்காலுக்குமேல் கையை வைத்து, இழு என்பதுபோல விரலை அசைத்தார்.

சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். சித்தியைப் பற்றி. அந்தக் கல்யாணத்தில் நான் சின்னப் பெண். காற்றில் பந்தல் பறந்துபோனதையும், சித்தப்பா கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கிலில் ஏறிப் பந்தலைக் கட்டியதையும், கீழே நின்று சித்தி விழுந்து விழுந்து சிரித்ததையும் சொன்னேன். "அதுவும் ஒரு ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, இதே நாலரை மணி" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். அப்போதுதான் உறைத்தது.

இவ்வளவு பெரிய கணக்கை எல்லோரும் போட்டார்கள். ஜோசியர் போட்டார், செல்போன் போட்டது, சித்தப்பா போட்டார், நானும் போட்டேன். ஒருவருக்கும் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"ஆனி மாதம் ஞாயிறு ராகு காலம் ஐந்தேகாலுக்குத்தான் பிடிக்கிறது என்று இந்த மண்டபத்து மேனேஜரின் போனும் சொல்கிறது, அந்தியூர் ஜோசியரும் சொல்கிறார்" என்று மைக்கில் சொன்னேன். "அப்படிப் பார்த்தால் எங்கள் சித்தியின் கல்யாணம் ராகு காலத்தில் நடக்கவே இல்லை. அதற்கு முன்னாலேயே தாலி ஏறிவிட்டது."

சித்தப்பாவின் விரல் நின்றுவிட்டது. எழுந்து நின்றார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப அவளுக்கு நேரம் நல்லாத்தான் இருந்துதா கண்ணு?"

"அவங்க கணக்குப்படி நல்ல நேரந்தானுங் சித்தப்பா."

அவர் பின்னால் திரும்பி அந்த உறவினர் வரிசையைப் பார்த்தார். நல்ல புடவைகள் எல்லாம் மடியில் எதையோ தேடின.

"நல்ல நேரத்துல கட்டியும் போயிட்டாங்களா" என்றார் சரசம்மா, யாரிடமும் இல்லாமல். அவர் தட்டில் தாலி உருளும் சத்தம் நின்றிருந்தது. பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் போனதாலா, பயந்து பயனில்லை என்று தெரிந்ததாலா, எனக்குத் தெரியாது.

சித்தப்பா மேடையேறி அவர் எதிரில் நின்றார். "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கட்டச் சொல்லுங்க."

"இல்லீங்ண்ணா, நீங்க சொல்லுங்க."

"நான் என்னங்க சொல்றது, நீங்க பெரியவங்க."

"பொண்ணைப் பெத்தவங்க நீங்கதானுங்க சொல்லோணும்."

எங்கள் பக்கத்து மரியாதை தொடங்கிவிட்டால் முடியாது. இரண்டு பேரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் நேரத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் எழில் சரசம்மாவின் தட்டிலிருந்து தாலியை எடுத்துக் கதிரின் கையில் வைத்து, "கட்டு" என்றாள். அவன் கட்டினான். அது நல்ல நேரத்தில் ஏறியதா, ராகு காலத்தில் ஏறியதா என்று சொல்ல முடியாது. அந்த நிமிடத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஒருவேளை சலீம் பாய் பார்த்திருக்கலாம். பிரியாணி கொஞ்சமாக அடிப்பிடித்திருந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதுவும் மரியாதைதான்.

மறுநாள் காலை உக்கடம்வரை சித்தப்பா வந்து என் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். விமான நிலையத்துக்கு வண்டி வரும்வரை டீ குடித்தோம். அவர் சட்டைப் பையில் பஞ்சாங்கம் இல்லை. நான் கேட்பதற்கு முன்பே பேசினார்.

"இத்தன வருசமா மேடை மேடையா ஏறிச் சாமி இல்ல, நேரம் இல்லன்னு பேசினேன் கண்ணு. நெசமாத்தான் பேசினேன். ஊட்டுக்கு வந்து வெளக்கை அணைச்சுப் படுத்தா, நான்தான் அவளக் கொன்னுபோட்டனோன்னு இருக்கும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கேலி பேசியே வாழ்ந்தவள், அப்போது எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலுக்குக் குனிந்தார்.

"ஜோசியக்காரன் கணக்குத்தான். அதையெல்லாம் நம்பப்படாது" என்றார். "ஆனா நேத்து நல்லாத் தூங்கினேன் கண்ணு."